பள்ளிப் பேருந்தில் பிள்ளைகள் ஏறி இறங்கும்போது: நிறுத்தம் முதல் பள்ளி வளாகம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளியில் பேருந்துப் பொறுப்பைப் புதிதாக ஏற்றுக்கொண்ட ஆசிரியருக்கும் அலுவலருக்கும், இந்த வேலையில் பங்கெடுக்க விரும்பும் பெற்றோருக்குமாக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டின் சிறுநகரம் ஒன்றில் சில ஆண்டுகள் இந்தப் பொறுப்பில் இருந்தபோதும், பிறகு புதியவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தபோதும், எல்லோரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் தடுமாறுவதைக் கண்டேன். பேருந்துக்குக் கேமரா பொருத்துவதிலும் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்வதிலும் தொடங்கிவிடுகிறார்கள். பேருந்து எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கடைசிவரை பார்ப்பதே இல்லை.

பேருந்தை ஆய்வு செய்ய ஆள் இருக்கிறது. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பள்ளி திறப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தார் தரைப் பலகை, படிக்கட்டு, அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றைப் பார்த்துவிடுகிறார்கள். பிள்ளை கால் வைக்கப்போகும் சாலையோரத்தை அப்படிப் பார்ப்பவர் எவரும் இல்லாததால், அந்த வேலை உங்கள் தலையில்தான் விழும். ஆகவே இங்கே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். நிறுத்தம் முதலில், வழித்தடம் அடுத்து, பிறகு ஓட்டுநரும் உதவியாளரும், அதன்பின் பெற்றோர், கடைசியில்தான் பிள்ளைகள். நிறுத்தம் தவறாக இருக்கும்போது பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்தால், தவறான இடத்தில் கவனமாக இருக்கக் கற்றுக்கொடுத்ததாகவே முடியும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பள்ளி திறப்பதற்கு மூன்று வாரம் முன்பாகவாவது வேலையைத் தொடங்குங்கள். நிறுத்தங்களை மாற்றினால் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு சிலர் மறுப்பார்கள். மறுத்தவர்களிடம் நேரில் பேச ஒரு வாரமாவது தேவைப்படும்.

கடந்த ஆண்டின் நிறுத்தப் பட்டியல், பிள்ளைகளின் வகுப்பும் முகவரியும், ஒவ்வொரு வழித்தடத்தின் ஓட்டுநர், உதவியாளர் ஆகியோருடன் தனித்தனியே அரை மணி நேரப் பேச்சு, ஒரு அளவு நாடா, ஒரு மீட்டர் உயரக் குச்சி ஒன்று, கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் ஆகியவை போதும். ஓட்டுநரையும் உதவியாளரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசாதீர்கள். ஒருவர் இருக்கும்போது மற்றவர் சொல்லத் தயங்கும் செய்திகள்தான் நமக்கு வேண்டியவை.

இன்னொன்றும் முன்கூட்டியே முடிவாக வேண்டும். தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டின் பள்ளிப் பேருந்துச் சிறப்பு விதிகள் பேருந்தில் உதவியாளர் இருக்க வேண்டும் என்கின்றன. பல பள்ளிகளில் அந்த இடத்தைக் கடைசி நிறுத்தத்தில் இறங்கும் ஆசிரியையோ பெரிய வகுப்பு மாணவனோ நிரப்புகிறார்கள். அந்த ஆசிரியை விடுப்பு எடுக்கும் நாளில் பேருந்தில் யாரும் இல்லை என்பதால், ஒவ்வொரு பேருந்துக்கும் இந்த வேலைக்கென்றே சம்பளம் பெறும் ஒருவர் தேவை என்பதை நிர்வாகத்திடம் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

2. பட்டியலில் ஒரு புதிய கட்டம்: வீடு சாலையின் எந்தப் பக்கம்?

வழக்கமான பட்டியலில் பெயர், வகுப்பு, நிறுத்தம், தொலைபேசி எண் ஆகியவை இருக்கும். அதில் இரண்டு கட்டங்களைச் சேருங்கள். காலையில் பேருந்து வரும்போது பிள்ளையின் வீடு கதவுப் பக்கத்தில் இருக்கிறதா, எதிர்ப்பக்கத்தில் இருக்கிறதா என்பது ஒன்று. மாலையில் எப்படி என்பது மற்றொன்று.

நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் போவதால் பேருந்தின் கதவும் இடப்பக்கம் இருக்கிறது. வீடு அதே பக்கம் இருக்கும் பிள்ளை, இறங்கியதும் நடந்து போய்விடும். எதிர்ப்பக்கம் இருக்கும் பிள்ளை சாலையைக் கடந்தாக வேண்டும். காலையில் போன வழியே மாலையில் பேருந்து திரும்புமானால், காலையில் கடக்காத பிள்ளை மாலையில் கடக்க நேரும். புதியவர்கள் ஒரு வேளைக்கு மட்டும் குறித்துவிட்டு நிறுத்திவிடுவது இதனால்தான் ஆபத்தானது.

முதன்முறை இப்படி எண்ணிப் பார்த்தபோது, ஒரே வழித்தடத்தில் பதினொரு பிள்ளைகள் நாள்தோறும் நெடுஞ்சாலையைக் கடப்பது தெரியவந்தது. அதுவரை எங்களில் ஒருவருக்கும் அந்த எண் தெரியாது.

3. நிறுத்தத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள்

பேருந்து வரும் அதே நேரத்தில், பள்ளி வேலை நாள் ஒன்றில் போங்கள். விடுமுறை நாளின் பதினொரு மணிக்குப் பார்த்தால் எல்லா நிறுத்தமும் நல்ல நிறுத்தமாகத்தான் தெரியும். விடுமுறையில் வேலையைத் தொடங்கியவர்கள் இடத்தை மட்டும் அப்போது பார்த்துவிட்டு, போக்குவரத்தைப் பள்ளி திறந்த முதல் வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது, வரும் வண்டி எவ்வளவு தூரத்தில் கண்ணுக்குத் தெரிகிறது என்பது. ஒரு எளிய கணக்கு உதவும். இருவழிச் சாலையின் தார்த்தளம் ஏழு மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். சின்னப் பிள்ளை விநாடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் கடக்க 7 விநாடி ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த 7 விநாடியில் ஏறக்குறைய 117 மீட்டர் ஓடிவிடும்; 80 கிலோமீட்டர் வேகமானால் 156 மீட்டர். ஆகவே இரு திசையிலும் 160 மீட்டராவது தெளிவாகத் தெரியாத இடத்தில், கடக்க வேண்டிய பிள்ளைகளை இறக்கக் கூடாது. வளைவு, பாலத்தின் இறக்கம், சாலைமீது சாய்ந்த புளியமரம், நாள் முழுவதும் நிற்கும் லாரி என எதுவாக இருந்தாலும், பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பார்த்தே முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, காத்திருக்க இடம் இருக்கிறதா என்பது. சாலையோர வெள்ளைக் கோட்டிலிருந்து ஐந்தாறு அடி தள்ளிப் பத்துப் பேர் நிற்கும்படியான சமதளம் வேண்டும். மூடியில்லாத சாக்கடை, சரளைச் சரிவு, மின்மாற்றியின் வேலி ஆகியவற்றை ஒட்டிய இடம் ஆகாது. டீக்கடை, சாலையோரக் கடை ஆகியவற்றின் முன்புறம் வசதியாகத் தோன்றும். ஆனால் அங்கே இருசக்கர வாகனங்கள் திடீரென ஓரம் கட்டும், திடீரெனக் கிளம்பும்.

மூன்றாவதைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்: பேருந்துக்கும் சாலையோரத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விழுகிறது? நான்கடி இடைவெளி இருந்தால் அதில் ஒரு பைக் நுழைந்துவிடும். நின்ற பேருந்தை இடப்பக்கமாக முந்துவது நம் ஊரில் அன்றாடக் காட்சி. படியிலிருந்து கால் வைக்கும் பிள்ளை நேராக அந்தப் பாதையில்தான் இறங்குகிறது. பேருந்து ஓரத்தை ஒரு அடிக்குள் நெருங்கி நிற்க முடிகிற இடமே நல்ல நிறுத்தம்.

நான்குவழிச் சாலையானால் ஒரே விதிதான் உண்டு. முதன்மைச் சாலையில் நிறுத்தவே கூடாது, சர்வீஸ் ரோட்டில் இறங்கி நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் கூடுதலாகிறது என்று ஓட்டுநர் சொல்வார். ஆகட்டும்.

4. கடக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை வழித்தடத்தாலேயே குறையுங்கள்

சாலையைப் பாதுகாப்பாகக் கடக்கச் சொல்லிக்கொடுப்பதைவிட, கடக்கும் தேவையே இல்லாமல் செய்வது நம்பகமானது. பிள்ளை ஒருநாள் மறந்துவிடும். பேருந்தின் பாதை மறக்காது.

இதற்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் உண்டு. வழித்தடத்தை வட்டமாக்கி, பேருந்து கடைசி ஊரில் திரும்பி வரும்போது எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றுவது ஒன்று. நிறுத்தத்தைப் பிரதான சாலையிலிருந்து ஊர்த்தெருவுக்குள் நகர்த்துவது இன்னொன்று. அருகருகே உள்ள இரண்டு மோசமான நிறுத்தங்களை ஒரே நல்ல நிறுத்தமாகச் சேர்ப்பது மூன்றாவது. மூன்றாவதில் சில பிள்ளைகள் இருநூறு மீட்டர் கூடுதலாக நடக்க வேண்டிவரும் என்பதால் பெற்றோர் எதிர்ப்பது இதையே. பணம் கட்டியிருக்கிறோம், வீட்டு வாசலில் நிறுத்துங்கள் என்பார்கள். அவர்களைப் பழைய நிறுத்தத்துக்கே அழைத்துப்போய்ப் பத்து நிமிடம் நிற்கவையுங்கள். நான் கூப்பிட்டுப்போனவர்களில் பாதிப் பேர் அங்கேயே மனம் மாறினார்கள். மீதிப் பேருக்குத் தலைமையாசிரியரின் கடிதம் தேவைப்பட்டது.

பதினொரு பேர் என்று சொன்னேனே, அந்த வழித்தடத்தில் பாதையைத் திருப்பி அமைத்த பிறகு கடக்க வேண்டியவர்கள் மூவர் மட்டுமே. மூவருக்கு ஏற்பாடு செய்வது ஆகக்கூடிய காரியம்.

5. ஓட்டுநருக்குத் தெரியாத இடத்தைத் தரையில் வரையுங்கள்

பள்ளி மைதானத்தில் பேருந்தை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, சாவியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் இருக்கையில் அமரட்டும். உதவியாளர் ஒரு மீட்டர் குச்சியைப் பேருந்தைச் சுற்றி நகர்த்த, குச்சி கண்ணாடியிலும் நேர்ப்பார்வையிலும் மறையும் இடங்களைச் சுண்ணாம்புத் தூளால் குறியுங்கள். முன் பம்பருக்குக் கீழே ஒரு பட்டை, இடப்பக்க முன்சக்கரத்தருகே ஒரு துண்டு, பின்புறம் முழுவதும் என்று வெள்ளைக் கோலம் ஒன்று உருவாகும். பேருந்துக்குப் பேருந்து அது மாறும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே செய்யுங்கள்.

இதற்குப் பிறகு கண்ணாடிகளைச் சரிசெய்து, தேவையான இடத்தில் குவிகண்ணாடி பொருத்தி, மறுபடி வரைந்து பார்க்க வேண்டும். கோலம் சுருங்கும், மறையாது. எஞ்சுவது எதுவோ, அது உதவியாளரின் கண் பார்க்க வேண்டிய இடம்.

2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கம் பகுதியில், பள்ளி வளாகத்துக்குள்ளேயே இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளி வேனில் அடிபட்டு உயிரிழந்தான். அவ்வாண்டே விதிகள் திருத்தப்பட்டு, பள்ளி வாகனங்களில் முன்னும் பின்னும் கேமராவும் பின்புறம் எச்சரிக்கும் சென்சாரும் கட்டாயமாக்கப்பட்டன. அவை பயனுள்ளவை. எனினும் திரை இருக்கிறது என்ற நம்பிக்கையில் உதவியாளரை இறக்காமல் விடும் பேருந்துகளையும் பார்த்திருக்கிறேன். லென்ஸில் சேறு படிந்த நாளில் அந்தத் திரை எதையும் காட்டாது.

6. நிற்பதற்கும் கிளம்புவதற்கும் ஒரே ஒழுங்கு

ஓட்டுநரும் உதவியாளரும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதே வரிசையில் செய்ய வேண்டும். ஆளில்லாத தெருவானாலும் மாற்றக் கூடாது. மாற்றப் பழகினால் நெரிசலான இடத்திலும் கை தானாகவே மாற்றிச் செய்யும்.

அ. ஐம்பது மீட்டருக்கு முன்பே இடது இண்டிகேட்டர். பின்னால் வருபவருக்கு முன்னறிவிப்பு அதுதான். நின்ற பிறகே நான்கு விளக்குகளையும் சிமிட்டவிட வேண்டும். முதலிலேயே எல்லாவற்றையும் போட்டால் எந்தப் பக்கம் ஒதுங்குகிறோம் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

ஆ. ஓரத்தை ஒட்டி முழுமையாக நின்று, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டாக வேண்டும். கிளட்சை மிதித்தபடி காத்திருப்பது ஓட்டுநர்களின் பழக்கம். கால் ஒருமுறை நழுவினால் பேருந்து ஒரு அடி முன்னே துள்ளும்.

இ. அதன் பிறகே உதவியாளர் கதவைத் திறந்து, முதல் ஆளாக இறங்கிப் பின்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். பிள்ளைகளைப் பார்த்து நிற்பதுதான் இயல்பாக வரும். ஆனால் ஆபத்து பின்னாலிருந்து இடைவெளியில் நுழையும் பைக்காகத்தான் வருகிறது. வலது கையை நீட்டி அந்த வழியை மறித்தபடி, பேருந்துப் பக்கம் இருக்கும் இடது கையால் பிள்ளையைப் பிடித்து இறக்கலாம்.

ஈ. ஒருவர் பின் ஒருவராக. முன்னவர் தரையில் இரண்டு அடி தள்ளிப் போன பிறகே அடுத்தவர் படிக்கு வர வேண்டும்.

உ. இறங்கியவர்களை எண்ணி, அத்தனை பேரும் பேருந்திலிருந்து பத்தடிக்கு அப்பால் நிற்பதைப் பார்த்த பிறகு, உதவியாளர் முன்பக்கம் வந்து பம்பருக்குக் கீழே ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, கடைசி ஆளாக ஏறிக் கதவைச் சாத்த வேண்டும்.

ஊ. கிளம்பும் குறிப்பு குரலாக இருக்கக் கூடாது. இரண்டு விசில் அடித்தால் போகலாம் என்பதும், ‘ரைட்’ என்றால் கிளம்பலாம் என்பதும் நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். விளையாட்டாக அவர்களே குரல் கொடுப்பதும் உண்டு. ஒருமுறை எங்கள் பேருந்தில் ஐந்தாம் வகுப்புப் பையன் சொன்ன ‘ரைட்’டுக்கு வண்டி நகர்ந்துவிட்டது, உதவியாளர் அப்போது கீழே நின்றிருந்தார். அன்றிலிருந்து, உதவியாளர் கதவைச் சாத்தி, ஓட்டுநர் பார்க்கும்படி கையை உயர்த்தினால் மட்டுமே கிளம்புவது என்று மாற்றினோம்.

ஹாரன் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து வராத பிள்ளையைக் கூப்பிட ஹாரன் அடிக்கவே கூடாது. அந்தச் சத்தம் கேட்ட பிள்ளை ஷூ லேஸ் கட்டாமல், இருபுறமும் பார்க்காமல், பேருந்தை மட்டுமே பார்த்துக்கொண்டு ஓடிவரும். தாமதமானால் குறித்த நேரத்துக்கு மேல் இரண்டு நிமிடம் அமைதியாகக் காத்திருந்து கிளம்பிவிடலாம். விட்டுப்போன பிள்ளையைப் பெற்றோர் பள்ளியில் கொண்டுவந்து விட்டால் அதற்காகத் திட்டவோ அபராதம் போடவோ வேண்டாம். தண்டனைக்குப் பயந்த பிள்ளைதான் மறுநாள் ஓடும்.

7. பெற்றோர் நிற்க வேண்டிய இடம்

பெற்றோர் கூட்டத்தில் நூறு அறிவுரைகள் வேண்டாம். மூன்றே மூன்றை எழுத்தில் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள்.

முதலாவது, மாலையில் பிள்ளையை அழைக்க வருபவர் பேருந்தின் கதவு திறக்கும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அம்மா எதிர்ப்பக்கம் நின்று கையசைத்தால், பிள்ளைக்கு நடுவில் இருக்கும் சாலை கண்ணில் படாது. ஸ்கூட்டரைத் திருப்ப வேண்டியதில்லை என்று எதிர்ப்பக்கத்திலேயே அமர்ந்திருக்கும் தாத்தாக்களிடம் இதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டாவது, உடன் வரும் தம்பி தங்கைகளைக் கையில் பிடித்திருக்க வேண்டும். அக்காவை வழியனுப்ப வரும் இரண்டு வயதுக் குழந்தை எந்தப் பட்டியலிலும் இல்லை, உதவியாளரின் எண்ணிக்கையிலும் இல்லை. ஓட்டுநரின் கண்ணுக்கும் அது எட்டாது.

மூன்றாவது, சின்ன வகுப்புப் பிள்ளையை அழைத்துச்செல்ல அனுமதி பெற்ற இருவரின் பெயரும் புகைப்படமும் பள்ளியில் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவரும் வராவிட்டால் பிள்ளை பேருந்திலேயே பள்ளிக்குத் திரும்பும். ‘கடைக்கார அண்ணனிடம் விட்டுவிடுங்கள்’ என்று தொலைபேசியில் சொன்னாலும் உதவியாளர் ஏற்கக் கூடாது. இதை ஆண்டின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் உதவியாளர் யாரிடமும் வாக்குவாதம் செய்ய வேண்டியிராது.

8. பிள்ளைகளுக்குப் பயிற்சி: பேசாமல் செய்து காட்டுங்கள்

ஐந்தாம் பகுதியில் வரைந்த வெள்ளைக் கோட்டை இப்போது பயன்படுத்துங்கள். சாவி உங்கள் கையில் இருக்க, அந்தக் கோட்டுக்குள் ஏழெட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து, இன்னொரு பிள்ளையை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி, எத்தனை பேர் தெரிகிறார்கள் என்று கேளுங்கள். ‘ஒருத்தரும் தெரியலை மிஸ்’ என்று பதில் வரும். இதற்குப் பிறகு அறிவுரைக்குத் தேவையே இராது.

பழக்க வேண்டியவை நான்கு. இறங்கியதும் பேருந்தை ஒட்டி நடக்காமல் நேரே பத்தடி விலகுவது முதலாவது. எந்தப் பொருள் விழுந்தாலும் குனியாமல் உதவியாளரிடம் சொல்வது இரண்டாவது; குனிந்த பிள்ளை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது என்பதால் இதை மட்டும் திரும்பத் திரும்ப, வேண்டுமென்றே பென்சில் பெட்டியைக் கீழே போட்டுப் பயிற்சி கொடுங்கள். மூன்றாவது, மறந்துபோன சாப்பாட்டுப் பைக்காகத் திரும்பி ஓடாமல் இருப்பது. நான்காவது, படியில் இரு கைகளும் காலியாக இருப்பது. தண்ணீர் பாட்டிலின் பட்டை, அடையாள அட்டையின் நாடா, துப்பட்டா ஆகியவை கைப்பிடியிலோ கதவிலோ சிக்கிக்கொள்ளும். படியை நெருங்கும் முன்பே அவற்றைப் பைக்குள் வைத்துவிடச் சொல்லுங்கள்.

9. கடந்தே ஆக வேண்டிய பிள்ளைகள்

அமெரிக்காவில் பள்ளிப் பேருந்து தன் நிறுத்தப் பலகையை நீட்டினால் சாதாரண இருவழிச் சாலையில் இரு திசை வண்டிகளும் நின்றாக வேண்டும். அதனால் அங்கே பிள்ளைகள் பேருந்துக்கு முன்னால் கடக்கிறார்கள். அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படிப் பழக்குபவர்கள் உண்டு. நம் சாலையில் நிற்கும் பேருந்தைக் கண்டால் பின்னால் வருபவர் முந்தத்தான் செய்வார். பேருந்தின் முன்னிருந்து பிள்ளை வெளிப்படுவதை அவர் பார்க்கும்போது நேரம் கடந்திருக்கும்.

ஆகவே இங்கே விதி எளிது: பேருந்து போன பிறகே கடக்க வேண்டும். இறங்கிய பிள்ளை ஓரத்தில் அழைக்க வந்தவரின் கையைப் பிடித்து நின்று, பேருந்து போய், இரு பக்கமும் சாலை திறந்து தெரிந்த பிறகு நடக்கலாம். பெரியவர் எவரும் வர முடியாத வீடானால், பேருந்து ஓரத்தில் நிற்க, உதவியாளர் பேருந்தின் மறைவுக்கு வெகு பின்னால், இரு திசையும் தெரியும் இடத்துக்கு அழைத்துச்சென்று கடத்திவிட்டு வர வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அந்த நேரத்தைக் கால அட்டவணையிலேயே சேர்த்துவிடுங்கள். சேர்க்காவிட்டால் இரண்டாவது வாரத்திலேயே அந்தப் பழக்கம் நின்றுவிடும்.

காலையில் கடக்க வேண்டியவர்கள் பேருந்து வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே கடந்து வந்து நிற்க வேண்டும்.

10. ரிவர்ஸ் எடுப்பதும் பள்ளி வளாகமும்

முட்டுச்சந்தில் திரும்ப வேண்டிய பேருந்துக்கு ஒரு விதி: பின்னால் நகரும்போது பிள்ளைகள் எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். காலையில் முதலில் ஏற்றிக்கொண்டு பிறகு திருப்புங்கள். மாலையில் முதலில் திருப்பிவிட்டு பிறகு இறக்குங்கள். செலவேதும் இல்லை, வரிசை மட்டுமே மாறுகிறது. உதவியாளர் கீழே இறங்கி, ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும்.

வளாகத்துக்குள் நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் வெவ்வேறு வாசல் இருந்தால் நல்லது. ஒரே வாசலானால், காலையில் பிள்ளைகள் இறங்கி வகுப்புக்குப் போய் மைதானம் காலியானதும் பேருந்துகளை வெளிநோக்கித் திருப்பி நிறுத்திவிடுங்கள். மாலையில் ஒரு பேருந்தும் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிராது. மாலையில் எல்லாப் பேருந்துகளும் நிரம்பி, கதவுகள் சாத்தப்பட்ட பிறகே முதல் பேருந்து நகரலாம். நடந்து போகும் பிள்ளைகளைப் பேருந்துகளுக்கு முன்போ பத்து நிமிடம் பின்போ அனுப்புங்கள். பெற்றோரின் இருசக்கர வாகனங்களை வாசலுக்குள் விடாதீர்கள்.

11. கடைசி இருக்கை வரை நடப்பது

ஒவ்வொரு நடை முடிந்ததும் உதவியாளர் பின் இருக்கை வரை நடந்து, இருக்கைக்கு அடியிலும் பார்த்து, பின் கண்ணாடியில் ‘பேருந்து காலி’ என்ற அட்டையைத் தொங்கவிட வேண்டும். தூங்கிவிட்ட மழலை வகுப்புப் பிள்ளை பூட்டிய பேருந்தில் சிக்கினால் நம் வெயிலில் நிலைமை விரைவில் மோசமாகும். அட்டையைப் பின் கண்ணாடியில் வைக்கச் சொல்வது, அங்கே வரை நடக்காமல் அதைத் தொங்கவிட முடியாது என்பதற்காகவே.

12. ஒழுங்கு உடையும் நாட்கள்

மாற்று ஓட்டுநர் வரும் நாள், அரை நாள் பள்ளி, தேர்வு நாள், மழை நாள் ஆகியவற்றில்தான் தவறு நேர்கிறது. ஒவ்வொரு பேருந்திலும் நிறுத்தத் தாள் ஒன்று இருக்கட்டும்: நிறுத்தத்தின் சரியான இடம், இறங்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை, கடக்க வேண்டியவர்கள் யார், அழைக்க வருபவர் யார். மாற்று ஓட்டுநர் சாவியை வாங்கும்போது அந்தத் தாளைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். உதவியாளரும் ஓட்டுநரும் ஒரே நாளில் மாற்று ஆட்களாக இருக்கக் கூடாது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபரில், எல்லா நிறுத்தங்களையும் மறுபடி நடந்து பாருங்கள். ஜூனில் சமதளமாக இருந்த இடம் இப்போது குட்டையாகியிருக்கும். தண்ணீருக்கு அடியில் சாக்கடை மூடி இருக்கிறதா என்பது தெரியாது. ஓரம் நனைந்திருந்தால் ஓட்டுநர் நடுச்சாலையிலேயே நிறுத்துவார், அப்போது மூன்றாம் பகுதியில் சொன்ன இடைவெளி திரும்ப விழும். மழை நாளுக்கென மாற்று நிறுத்தம் ஒன்றை முன்பே தேர்ந்தெடுத்துப் பெற்றோருக்குச் சொல்லிவையுங்கள். பிள்ளையின் பக்கவாட்டுப் பார்வையைக் குடை மறைக்கும் என்பதால் மழைக்கோட்டே நல்லது. அதன் தலைமூடியும் கண்ணை மறைக்காத அளவில் இருக்க வேண்டும்.

கடைசியாக, உதவியாளரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கட்டும். ‘பைக் இடப்பக்கம் நுழைந்தது’, ‘பிள்ளை பாட்டிலுக்காகக் குனிந்தது’, ‘அம்மா எதிர்ப்பக்கம் நின்றார்’ என்று நூலிழையில் தப்பியவற்றை ஒரு வரியில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். எழுதியவரைத் திட்டினால் அன்றோடு நோட்டு வெறுமையாகிவிடும். வெள்ளிக்கிழமை மாலை நோட்டுகளை வாங்கிப் படித்து, ஒரே நிறுத்தத்தின் பெயர் இரண்டுமுறை வந்திருந்தால், திங்கட்கிழமை காலை பேருந்து வருவதற்கு முன் நீங்கள் அங்கே போய் நில்லுங்கள்.